லாட்ஜ் முதலாளியின் நோட்டீஸைவிட அந்தப் பெட்டிக்குத்தான் நான் பயப்படுகிறேன்

கடலூரிலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வயது 36. மஞ்சக்குப்பத்தில் சிறிய கடை. பதினொரு வருடங்களாக அலுவலகங்களுக்கு இன்டர்காம் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் தொழில். அந்தத் தொழில் படுத்துவிட்டதால், இரண்டு வருடங்களாகச் சென்னை நிறுவனம் ஒன்றின் இணையவழித் தொலைபேசியை விற்கிறார். சுவரில் மாட்டும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி இதில் கிடையாது. அந்த வேலையை எல்லாம் நிறுவனத்தின் சர்வர் பார்த்துக்கொள்ளும். வாடிக்கையாளரின் மேசையில் இணையத்தில் இயங்கும் ஓர் ஐபி போன் இருந்தால் போதும். மாத வாடகை. சிப்காட்டில் இரண்டு ஆலைகள், ஒரு பள்ளி, ஒரு மனை விற்பனை அலுவலகம், புதுச்சேரி மிஷன் வீதி பக்கம் 24 அறைகள் கொண்ட ஒரு லாட்ஜ் என்று வாடிக்கையாளர்கள் சேர்ந்திருக்கிறார்கள்.

சிக்கல் லாட்ஜில் தொடங்கியது. “உங்கள் பழைய 0413 எண்ணையே புதிய போனுக்கு மாற்றிவிடலாம் சார், மழையானாலும் புயலானாலும் லைன் நிற்காது” என்று இவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். அதை நம்பிய முதலாளி வாடகை மிச்சம் என்று அக்டோபரில் பழைய லேண்ட்லைனை ஒப்படைத்துவிட்டார். எண் மாறி வரவில்லை. இருபது வருடமாகப் பெயர்ப்பலகையில் இருந்த எண் அது. டிசம்பர் 29ஆம் தேதி சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியவர்கள் லாட்ஜின் இணைய இணைப்பை அறுத்துவிட, புத்தாண்டு முன்பதிவு நேரத்தில் மூன்று நாட்கள் போன் ஊமையாகக் கிடந்தது. இப்போது நான்கு லட்சம் ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ். கூடவே நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன் என்ற மிரட்டல். சென்னை நிறுவனமோ, “அது உங்கள் வாடிக்கையாளர்” என்று கைகழுவிவிட்டு, வேறு கணக்குகளில் இவருக்கு வரவேண்டிய 1,12,000 ரூபாய் கமிஷனையும் நிறுத்தி வைத்திருக்கிறது. மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கிய 22 ஐபி போன்கள் கடையில் தூங்குகின்றன.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், போகிறபோக்கில் ஒரு வரி: “ஒருவர் என் கடையில் ஒரு பெட்டி வைத்துக்கொள்ள மாதம் 35,000 தருவதாகச் சொல்கிறார். இணைய இணைப்பும் மின்சாரமும் கொடுத்தால் போதுமாம். நிறைய சிம் கார்டு போடும் பெட்டி. இதுவும் நான் விற்கும் இணையத் தொலைபேசி போலத்தான் என்கிறார். முன்பணம் 10,000 ஜிபேயில் வந்துவிட்டது. பெட்டி இன்னும் வரவில்லை.”

தம்பி, நீங்கள் என்னை ஐயா என்று எழுதியிருப்பதால் இந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றுகிறேன். ஆறு பக்கத்தில் அந்த ஓர வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

அந்தப் பெட்டி கடைக்குள் வரவே கூடாது

அதன் பெயர் சிம் பாக்ஸ். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு, உரிமம் பெற்ற நிறுவனங்களின் சர்வதேச வாசல் வழியாகத்தான் நாட்டுக்குள் வர வேண்டும். இந்தப் பெட்டி அழைப்பை இணையம் வழியாகத் திருட்டுத்தனமாக இறக்கி, உள்ளூர் சிம் ஒன்றின் வழியாக வெளியே விடுகிறது. போனை எடுப்பவருக்குத் தெரிவது ஒரு சாதாரண இந்திய எண். “டிஜிட்டல் கைது” என்று மிரட்டி முதியவர்களின் சேமிப்பைப் பறிக்கும் கும்பல்களுக்கு இத்தகைய பெட்டிகள்தான் முகமூடி. கும்பல் எங்கோ இருக்கும்; பெட்டி இருக்கும் முகவரிக்குத்தான் போலீஸ் முதலில் வரும். அந்த முகவரி உங்கள் கடை.

நீங்கள் விற்பதும் இதுவும் ஒன்றல்ல. நீங்கள் விற்கும் சேவை உரிமம் உள்ளவரின் லைனில், அவர் ஒதுக்கிய எண்ணில், கணக்கோடு ஓடுகிறது, ஓட வேண்டும். பெட்டியில் உரிமமும் இல்லை, கணக்கும் இல்லை, சிம்கள் யார் பெயரிலோ. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 42ஆம் பிரிவு, அங்கீகாரமில்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அந்தப் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏமாற்றிப் பெற்ற சிம்களுக்குத் தனிக் குற்றம், மோசடிக்குத் தனிக் குற்றம். “இடம்தான் கொடுத்தேன்” என்பது பதினொரு வருடம் போன் வேலை பார்த்தவர் வாயிலிருந்து வந்தால் எந்த நீதிபதியும் நம்ப யோசிப்பார்.

அந்தப் பத்தாயிரத்தைத் தொடாதீர்கள். அது யாரிடமாவது ஏமாற்றிப் பிடுங்கிய பணமாக இருந்தால், உங்கள் வங்கிக் கணக்கே முடக்கப்படலாம். “வேறு கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிடு” என்று அவர் சொன்னால் செய்யாதீர்கள். பணத்தைக் கைமாற்றிய பழி உங்கள் மேல் விழும். அவருடைய செய்திகள், எண், பணம் வந்த விவரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். ஒப்புகை ரசீது வாங்குங்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ என்ற பகுதியிலும் பதிவு செய்யலாம். பணத்தை என்ன செய்வது என்று போலீஸ் சொல்லட்டும். மறுப்பை அவருக்கு ஒரே வரியில் எழுதிவிட்டுப் பேச்சை நிறுத்துங்கள்.

பில் யார் பெயரில் போட்டீர்கள்?

இனி லாட்ஜ். “நான் வெறும் ஏஜென்ட்தானே, நிறுவனம்தானே பொறுப்பு” என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 230ஆம் பிரிவு உங்கள் பக்கம் பேசுவதுபோலத்தான் தோன்றும்: இன்னொருவருக்காக ஒப்பந்தம் செய்யும் முகவர், பொதுவாகத் தானே அதற்குக் கட்டுப்பட்டவர் ஆவதில்லை. சிப்காட் ஆலைகள் விஷயத்தில் அது சரி. அங்கே நிறுவனம் நேரடியாக பில் போடுகிறது, உங்களுக்குக் கமிஷன் வருகிறது. லாட்ஜுக்கு அப்படி இல்லை. நிறுவனம் உங்களுக்குக் குறைந்த விலையில் பில் போட்டது. நீங்கள் உங்கள் கடைப் பெயரில் லாட்ஜுக்கு பில் போட்டீர்கள். லாட்ஜின் கண்ணில் விற்றவர் நீங்கள். ஒரே தொழிலில் இரண்டு சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். எதை எப்போது போட்டோம் என்று கவனிக்கவில்லை.

இந்த விற்பனைக்கு “லைசென்ஸ் வேண்டும்” என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குவது ஒன்று. எண்களையும் பேச்சு நிமிடங்களையும் மொத்தமாக வாங்கிச் சொந்தப் பெயரில் விற்பது வேறு. மறுவிற்பனைக்கென்றே 2016 முதல் மெய்நிகர் இயக்குநர் (விஎன்ஓ) உரிமம் என்று ஒன்று இருக்கிறது. அது உங்களிடம் இல்லை. ஆகவே இனிமேல் எண், அழைப்பு, மாத வாடகை மூன்றுக்கும் நிறுவனமே வாடிக்கையாளருக்கு நேரடியாக பில் போடட்டும். போன் கருவி, வயரிங், பொருத்தும் கூலி, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் நீங்கள் போடுங்கள். கூடவே நிறுவனத்தின் உரிம நகலைக் கேளுங்கள். அவர்களிடம் சொந்த உரிமம் இல்லையென்றால், யாருடைய லைனில் ஓடுகிறார்கள் என்ற ஒப்பந்த விவரத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்தச் சரக்கை விற்காதீர்கள்.

பில் நகலைப் பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. லாட்ஜுக்கு மத்திய ஜிஎஸ்டி 9, மாநில ஜிஎஸ்டி 9 என்று போட்டிருக்கிறீர்கள். புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் வேறு ஆட்சிப்பகுதி, தம்பி. எல்லை தாண்டிய விற்பனைக்கான ஐஜிஎஸ்டி 18 என்று போட்டிருக்க வேண்டும். பதற வேண்டாம், தவறான தலைப்பில் கட்டியிருந்தால், சரியான வரியைக் கட்டிவிட்டு முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்க மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 77ஆம் பிரிவு வழிவிடுகிறது, வட்டியும் இல்லை. காலக்கெடு உண்டு, உங்கள் ஆடிட்டரை உடனே பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், வரிக்கும் மதுவுக்கும் முள்ளோடையில் எல்லை இருக்கிறது, தொலைபேசிக்கு இல்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்துக்குள்தான் வருகின்றன. மாஹே கேரள வட்டம், ஏனாம் ஆந்திர வட்டம். விழுப்புரம் மாவட்டத்தில் பெரும்பகுதி கிடக்கும் ஆரோவில்லுக்கு 0413தான். வரைபடத்தைப் பார்த்து எண்ணைத் தீர்மானிக்கிற ஊர் இல்லை இது.

எண்ணை மாற்ற முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்

இங்கே கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். நிறுவனம் மாறினாலும் எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. ஆனால் அது செல்போன் எண்களுக்கு மட்டும். லேண்ட்லைன் எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும் ஏற்பாடு இந்தியாவில் இல்லை. வெளிநாட்டு விற்பனைக் கையேட்டை அப்படியே தமிழில் சொன்னால் இந்த விபத்துதான் நேரும். பழைய லைனைக் குறைந்த வாடகையில் வைத்துக்கொண்டு, அதற்கு வரும் அழைப்புகளைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடச் சொல்லியிருக்கலாம். இன்றுகூடக் காலம் கடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்: ஒப்படைத்த எண் இன்னும் வேறு யாருக்கும் ஒதுக்கப்படாமல் இருந்தால், அதையே திரும்பக் கேட்க முடியுமா என்று லாட்ஜ் முதலாளியோடு நீங்களும் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்க் கேளுங்கள். கடைசி பில்லும் ஒப்படைத்த ரசீதும் கையில் இருக்கட்டும். எண் கிடைத்தால் உங்கள் தலைவலியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

“ஒப்பந்தத்தில் எழுதவில்லை, வாட்ஸ்அப்பில் சொன்னது செல்லாது” என்கிறீர்கள். செல்லும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி உரிய சான்றிதழோடு மின்னணுப் பதிவு சாட்சியமாகிறது. நீங்கள் தெரியாமல் சொன்னது ஒப்பந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் தவறான தகவல். தெரிந்தே சொல்லியிருந்தால் 17ஆம் பிரிவில் மோசடி. கடிதத்தின் தொனியைப் பார்த்தால் தெரியாமல்தான் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். அழிப்பதுதான் உங்களைத் தெரிந்தே செய்தவராகக் காட்டும். நிறுவனம் கொடுத்த விளம்பரத் தாளில் “பழைய எண்ணையே மாற்றிக்கொள்ளலாம்” என்று அச்சாகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தாள் இப்போது தங்கம். நீங்கள் கொடுக்க நேரும் தொகையில் ஒரு பங்கை நிறுவனத்திடம் கேட்க அதுதான் ஆதாரம்.

“புயலானாலும் நிற்காது” என்பதைக் கடலூர்க்காரர் ஒருவர் எப்படி எழுதினார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் எங்கே கரையேறியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல்? பழைய செம்புக் கம்பி போன், கரண்ட் போனாலும் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியில் பேசும். உங்கள் போன் ரவுட்டர், இணைய லைன், கரண்ட் மூன்றும் உயிரோடு இருந்தால்தான் பேசும். வேகத்தைப் பெரிதாகச் சொல்லி விற்கிறீர்கள். ஓர் அழைப்புக்கு ஒரு பக்கத்துக்கு நூறு கிலோபிட்டுக்கும் குறைவாகவே போதும், எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தொடாது. வேண்டியது அறுந்துபோகாத லைன். வேறு வழியாக வரும் இரண்டாவது இணைப்பு, ரவுட்டருக்கும் போன்களுக்கும் யுபிஎஸ், இணைப்பு அறுந்தால் அழைப்பு தானாகவே முதலாளியின் செல்போனுக்குத் திரும்பும் அமைப்பு. இவற்றை விலைப்பட்டியலோடு எழுதிக் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்பவரிடம் அதையும் எழுதி வாங்குங்கள். 108, 112 எண்களுக்கு அழைப்பு போகிறதா என்று ஒவ்வோர் இடத்திலும் சோதித்துவிட்டு வாருங்கள். லாட்ஜில் ஒரு முதியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும்போது கண்டுபிடிக்கக் கூடாத குறை அது.

நான்கு லட்சம் வருமா?

முழுதாக வராது என்பது என் கணிப்பு. ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, மீறலிலிருந்து இயல்பாக விளையும் இழப்புக்குத்தான் ஈடு தருகிறது. எட்டாத, தூரத்து இழப்புக்கு அல்ல. இழப்பைக் குறைக்கக் கையில் இருந்த வழிகளையும் நீதிமன்றம் பார்க்கும். முதலாளியிடம் செல்போன் இருந்தது, இணையதள முன்பதிவு இருந்தது, பள்ளம் தோண்டியது நீங்கள் இல்லை. புத்தாண்டு வாரத்தில் புதுச்சேரியில் அறைகள் காலியாகக் கிடந்தனவா என்ற கேள்வியை அவர் பக்க வக்கீலே விரும்ப மாட்டார். அந்த வாரத்தின் தங்குபவர் பதிவேட்டைக் கேளுங்கள். ஆனால் எண் போன இழப்பு நிஜம், அதற்கு நீங்கள் ஏதாவது கொடுக்கத்தான் வேண்டியிருக்கும்.

நுகர்வோர் ஆணையம் பற்றிய பயம் பாதி வீண். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் அல்ல. சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துபவருக்கு விதிவிலக்கு உண்டு. அது ஒவ்வொரு வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது என்று 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆள் வைத்து நடத்தும் 24 அறை லாட்ஜுக்கு அந்த விதிவிலக்கு கிடைப்பது கடினம். அதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். சிவில் வழக்கு இருக்கிறது. 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்பதால், அவசரத் தடை எதுவும் கேட்காத வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம். அந்த மேசையில் உட்காரும்வரை காத்திருக்காமல் நீங்களே போங்கள்.

பொருத்திய கூலியைத் திருப்பித் தருகிறேன், ஆறு மாதப் பராமரிப்பு இலவசம், புதிய எண்ணோடு பெயர்ப்பலகை எழுதும் செலவு என்னுடையது, எண்ணை மீட்க உடன் வருகிறேன் என்று ஒரு கடிதம். மேலே “உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்று எழுதுங்கள். சமரசத்துக்காகச் சொன்னதைப் பிறகு ஒப்புதலாகக் காட்டாமல் இருக்க அது உதவும். நோட்டீஸுக்கான முறையான பதில் தனியாக வக்கீல் மூலம், கெடு முடிவதற்குள் போகட்டும். வழக்காடினால் நீங்கள் ஜெயிக்கவும் கூடும். ஆனால் புதுச்சேரியில் லாட்ஜ்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பழக்கம்; நான்கு வருடம் வாய்தாவுக்குப் போய் ஜெயித்த பின் அந்தத் தெருவில் உங்களிடம் யார் போன் வாங்குவார்கள்?

கமிஷன் பாக்கி

லாட்ஜ் தகராறைக் காட்டி வேறு கணக்குகளின் கமிஷனை நிறுத்த உங்கள் ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களில் இல்லை. 2022லேயே சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு எடுத்திருக்கிறீர்கள், நல்லது. அதில் ‘சேவை’ என்று இருக்கிறதா, ‘வணிகம்’ மட்டும்தானா என்று இன்றே பாருங்கள். வாங்கி விற்பவராக மட்டும் பதிந்திருந்தால் தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு கிடைக்காது. சேவை என்று இருந்தால், சிறு நிறுவனங்கள் சட்டப்படி 45 நாட்களுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாந்தரக் கூட்டு வட்டி. இத்தகைய பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் இணையம் வழியாகவே மனு போடலாம். முதலில் இந்த வட்டிக் கணக்கைப் போட்டு ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். பல பாக்கிகள் அந்தக் கடிதத்திலேயே வசூலாகியிருக்கின்றன.

மனை விற்பனை அலுவலகம் உங்கள் போனில் நாளுக்கு ஐந்நூறு பேரை அழைக்கிறது என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் பதிவு பெற்ற டெலிமார்க்கெட்டரா? இல்லையென்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி எல்லாத் தொலைத்தொடர்பு இணைப்புகளும் துண்டிக்கப்பட்டுக் கறுப்புப் பட்டியலில் வைக்கப்படலாம். அந்த எண்கள் உங்கள் பெயரில் வாங்கப்பட்டிருந்தால் பட்டியலில் ஏறுவது உங்கள் பெயர்.

அந்த 22 போன்கள் பற்றி: பெரும்பாலான ஐபி போன்கள் எஸ்ஐபி என்ற பொதுவான இணைய அழைப்பு முறையில் இயங்குபவை, எந்த நிறுவனத்தின் சேவையோடும் பேசும். சென்னைக்காரர்கள் அவற்றைத் தங்கள் சர்வருக்கு மட்டும் பூட்டியிருக்கிறார்களா என்று ஒன்றைப் பிரித்துச் சோதியுங்கள். பூட்டியிருந்தால், கமிஷன் கேட்டு எழுதும் அதே கடிதத்தில் திறக்கும் கடவுச்சொல்லையும் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கிய கருவி உங்களுடையது. பூட்டவில்லையென்றால் வேறு சேவை நடத்துபவர்களின் விற்பனையாளர்களுக்கே விற்றுவிடலாம். வாங்கிய விலை வராது. அடகுக் கடை வட்டி ஓடுவதாவது நிற்கும்.